பாட்டிக்கு புளிப்பு மிட்டாய்

அம்மா ரூம் வாசல்ல இட்லித் தட்டை வச்சுட்டு நாலடி தள்ளி நின்னேன்.

"ஏன்டா, தீட்டா?"ன்னு சிரிக்கிறாங்க.

தைராய்டு கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் ரேடியோ அயோடின்ங்கிற கதிர்வீச்சு மருந்தக் குடுத்து, ஒரு மீட்டர் தள்ளி மெஷின் வச்சு கதிர்வீச்சை அளந்து பாத்துட்டுதான் நேத்து டிஸ்சார்ஜ் பண்ணாங்க. அந்த மருந்துல இருக்குற அயோடின் 131 எட்டு நாளைக்கொரு தடவ பாதியா குறையும், ஆனா முக்கால்வாசி மொத ரெண்டு மூணு நாள்லயே யூரின்ல போயிடுமாம், அதனால தண்ணி நிறைய குடிக்கணும், ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணணும்.

லாரித் தண்ணிக்கு காத்துக் கெடக்குற எங்க தெருவுல ரெண்டு ஃப்ளஷ்! அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை, கேன்சர் இல்ல.

குழந்தைங்க கிட்டவே போகக்கூடாது. எச்சில் சுரப்பிக்கு நல்லதுன்னு புளிப்பு மிட்டாய் சப்பச் சொல்லிருக்காங்க.

இப்ப பாத்தா என் மூணு வயசுப் பொண்ணு தரையில படுத்துக்கிட்டு, கதவுக்கு அடியில ஒவ்வொரு மிட்டாயா தள்ளிட்டு இருக்கா.