கச்சான் காத்துல உவரிக்கு ஒரு சைக்கிள் பயணம்

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தப்ப அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்தே நேர்ந்துகிட்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "அவர் நல்லபடியா எந்திச்சு வீட்டுக்கு வந்துட்டா என் மவன் சைக்கிள்லயே வந்து உவரில 11 பெட்டி மண்ணு சுமப்பான் சாமி." உவரி கடற்கரைல இருக்கிற சுயம்புலிங்க சாமி கோயில்ல, கடல் மண்ணை ஓலைப்பெட்டில அள்ளி தலைல சுமந்து குவியல்ல கொட்டுறது ஒரு வேண்டுதல். நான் ஞாயித்துக்கிழமை ஆனா நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவன்னு அவளுக்குத் தெரியும், அந்தத் தைரியம்தான்.

அதுலயும் ஒரு வரிசை வச்சிருந்தா. ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடிட்டு கிளம்பணும், அப்புறம் செந்தூர் முருகன், அப்புறம் உவரி, கடைசியா குமரி அம்மன். கூட ஓட்டுற பசங்க எல்லாரும் சொன்னாங்க, டேய் ஆனி மாசம் தென்மேற்கு காத்து, கச்சான், கன்னியாகுமரில ஆரம்பிச்சு வடக்க வந்தா காத்தே தள்ளிவிடும், நீ போறது நேர் எதிர்லன்னு. அம்மாகிட்ட சொன்னேன். "வரிசையை மாத்துனா வேண்டுதல் எப்படிடா வேண்டுதலாகும்"னு முடிச்சிட்டா.

நாலாவது நாள் காலைல 4 மணிக்கு திருச்செந்தூர். ரூம்ல இருந்து வெளிய வந்த உடனே ஒருத்தர் ஒட்டிகிட்டார், சார் 10 நிமிஷத்துல சாமி முன்னாடி நிறுத்துறேன், ஆயிரம் குடுங்க போதும்னு. வேண்டாம்னா விடுறாரா, நாழிக்கிணறு வரைக்கும் பின்னாடியே வந்து ரேட்டை மட்டும் கொறச்சுகிட்டே வர்றார். பொது வரிசைலயே நின்னேன், ரெண்டரை மணி நேரம். முன்னாடி ஒரு சின்னக்கொழந்தை அழுதுகிட்டே இருக்கு, பின்னாடி ஒருத்தர் என் முதுகுலயே சாஞ்சு தூங்குறார். செந்திலாண்டவனைப் பாத்தது ரெண்டே செகண்ட்தான் இருக்கும், நகருங்க நகருங்கன்னு தள்ளிட்டாங்க. ஆனா அந்த ரெண்டு செகண்டுக்கு வேற கணக்கு இல்லையா, முருகா. பன்னீர் இலை விபூதியை ஹேண்டில்பார் பைக்குள்ள வச்சுகிட்டு 8 மணிக்கு மிதிக்க ஆரம்பிச்சேன்.

குலசேகரப்பட்டினம் வரைக்கும் பரவால்ல. முத்தாரம்மனை வாசல்லயே கும்பிட்டுட்டு தாண்டுனேன், அதுக்கப்புறம் தொடங்குச்சு பாருங்க. ரோடு பூரா தேரிக்காட்டு செம்மண்ணு ஊதிகிட்டே குறுக்க போகுது, கால் முட்டியில ஊசி குத்துற மாதிரி அடிக்குது. சமதளத்துல 25 போற நான் 10ல 11ல ஊந்துறேன், கொஞ்சம் இறக்கம் வந்தாக்கூட மிதிக்காம விட்டா சைக்கிள் நின்னே போயிடுது. ரோட்டோரம் பதநீர் வித்த ஒரு ஆச்சி, ஓலைப்பட்டைல நுங்கைப் போட்டு ஊத்திக்கிட்டே, "எய்யா, கச்சான் இப்படி அடிக்கையில எதுக்கால போறியே, மறுபக்கமா வந்துருக்கக் கூடாதா"ன்னு கேட்டுது. எங்கம்மாகிட்ட கேளுங்க ஆச்சின்னு சொன்னேன். சிரிச்சுட்டு இன்னொரு பட்டை ஊத்துச்சு, அதுக்கு காசு வாங்கல.

மணப்பாடுல மேட்டு மேல சிலுவைக் கோயில் தூரத்துல தெரியுது, அது கிட்டயே வரமாட்டேங்குது. பெரியதாழை பக்கத்துல ஒரு பஸ் ஷெல்டர்ல உக்காந்து நெசமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு, யாருமில்லாத ரோட்டுல காத்தை கெட்ட வார்த்தைல திட்டுனேன், சாமி கும்பிட போறவன் பேசுற பேச்சா அது. அப்புறம் தப்புன்னு கன்னத்துல போட்டுகிட்டேன். 40 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

உவரில நடை சாத்துற நேரத்துக்குள்ள முடிக்கணுமேன்னு கடல்ல ஒரு முங்கு போட்டுட்டு ஓலைப்பெட்டியைத் தூக்குனேன். முதல் பெட்டி மேலாக்க காஞ்ச மண்ணா அள்ளி தலைல வச்சேன், நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள காத்து அள்ளி கண்ணு மூக்கு வாயெல்லாம் போட்டுடுச்சு. குவியல்கிட்ட போய்ப் பாத்தா பாதிப்பெட்டிதான் இருக்கு. இது கணக்குல வருமா வராதான்னு முழிச்சுகிட்டு நிக்கிறேன், பக்கத்துல பேத்திக்காக சுமந்துகிட்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, அலை வந்து போற எடத்துல ஈரமண்ணா அள்ளு, பறக்காது, என்ன, கனக்கும்"னார். கனத்துச்சு. ஏழாவது பெட்டிக்கு கால் நடுங்குது, காலைல இருந்து மிதிச்ச கால். தலைல இருந்து உப்புத்தண்ணி ஒழுகி முதுகுல இறங்குது. அந்த அரைப்பெட்டியை கணக்குல சேக்காம 11 முடிச்சேன்.

சன்னதிக்கு ஓடுனேன். கூட்டம் அவ்வளவா இல்ல, நிக்க விட்டாங்க. வெட்டுப்பட்ட கடம்பவேர்ல ரத்தமா வந்தப்ப சந்தனம் அரைச்சுப் பூசி நிறுத்துனாங்கன்னு கதை சொல்ற சாமி, இன்னைக்கும் அந்த சந்தனத்தோடதான் இருக்கார். வழியெல்லாம் என்னென்னமோ கேக்கணும்னு யோசிச்சு வச்சிருந்தேன், கடனு, வேலை, இன்னும் என்னவோ. ஒண்ணும் வரல. "அப்பா"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பல்லுக்கு நடுவுல மண்ணு நறநறங்குது, அப்பா அப்பான்னே சொல்லிகிட்டு நிக்கிறேன், சுயம்புலிங்கத்தைக் கூப்பிடுறேனா ஊர்ல ஈசிசேர்ல சாஞ்சிருக்கிற மனுஷனைக் கூப்பிடுறேனான்னு எனக்கே தெரியல. அம்மா மஞ்சத்துணில முடிஞ்சு குடுத்த காசை உண்டியல்ல போடவே மறந்து, வாசல் வரைக்கும் வந்து திரும்ப ஓடுனேன்.

சாயங்காலம் காத்து கொறையும்னு நெனச்சது வீண். கூடங்குளம் தாண்டி கரண்ட் எடுக்கிற காத்தாடி அத்தனையும் ஜம்முனு சுத்துது, எனக்கு எமன் அதுக்கு தீனி. ஆனா இந்த தடவை திட்டல, சத்தியமா. கன்னியாகுமரிக்குள்ள நுழையும்போது மணி 7 தாண்டிடுச்சு, சட்டையைக் கழட்டி கைல சுருட்டிகிட்டு கடைசி ஆளுங்களோட ஆளா நின்னு அம்மனோட மூக்குத்தியைப் பாத்துட்டேன். தாயே.

வெளிய வந்து போன் போட்டா அம்மா கேட்ட முதல் கேள்வி, "சந்தனம் பத்திரமா இருக்காடா?" இருந்துச்சு, உவரில வாங்குன சந்தனம், டூல் பைக்குள்ள, ஸ்பானருக்கும் பஞ்சர் பேட்ச்சுக்கும் நடுவுல காஞ்சு கட்டியா. ஊருக்கு வந்து தண்ணி விட்டுக் குழைச்சு அப்பா நெத்தில வச்சேன். "என்னடா, செயின் ஆயில் வாசம் அடிக்குது"ன்னார். அழிக்கல, மறுநாள் குளிக்கிற வரைக்கும் அப்படியே வச்சிருந்தார்.