பகடை உருள்வதற்கு முன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ரோல்பிளேயிங் ஆட்டங்களை நடத்துபவர்களிடம் இதில் எது கடினம் என்று கேட்டால், விதிகளை நினைவில் வைத்திருப்பதையோ அரக்கர்களின் கணக்கைச் சரிபார்ப்பதையோ பெரும்பாலானோர் சொல்வதில்லை. ஆட்டக்காரர்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்யத் துணியும்போது அதை எப்படிக் கையாள்வது, மேசையில் இருவர் முரண்படும்போது எப்படித் தீர்ப்பது என்ற இரண்டைத்தான் சொல்வார்கள். இவை தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும், நண்பர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆட்டம் நடத்திவரும் எனக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே படுகிறது. தான் எடுக்கும் முடிவால் என்ன நேரக்கூடும் என்பது, பகடை உருள்வதற்கு முன்பே ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்ததா என்பதே அந்த வேர். தெரிந்திருந்தால் தன் பாத்திரத்தின் சாவைக்கூட அவர் சிரித்துக்கொண்டே ஏற்பார்; தெரியாதிருந்தால், வென்ற பிறகும் ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல் உணர்வார்.

இந்த ஆட்டங்களை அறியாதவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் உலகத்தை விவரிக்கிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அதில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறார்கள், முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருட்டப்படுகிறது.

நடத்துபவரின் திட்டத்தை ஆட்டக்காரர்கள் கலைத்துப்போட்டதிலிருந்துதான் இந்த ஆட்டவகையே பிறந்தது என்று சொல்லலாம். 1969இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரப் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றைச் சற்று மாற்றி அமைத்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் நகரத் தலைவர், வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் என்று நண்பர்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்தார். போருக்கு முன்பே அவர்கள் தமக்குள் ரகசியப் பேரங்களில் இறங்கிவிட்டார்கள். இருவர் நேருக்கு நேர் மோத வேண்டும் என்று நிற்க, அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அங்கேயே ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் பாழாகிவிட்டது என்று அவர் நினைத்தார்; வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் இதே போக்கில் பிளாக்மூர் என்ற உலகை அமைத்தார். பின்னர் அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் காற்று திசை மாறி வீசியது வேடிக்கைதான். அந்த ஆட்டத்துக்காக 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசத் தொடரில், கதைக்குத் தேவையான பாத்திரம் இறந்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டு, பின்னர் அதைத் திரும்பக் கொண்டுவர இடம் வைக்குமாறு நடத்துபவருக்கு ஆலோசனை கூறப்பட்டிருந்தது. கதை பிழைத்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பாத்திரத்தை ஆடுபவர் எடுக்கும் எந்த அபாயமும் அதன் பிறகு அபாயமாக இருக்காது.

மேசையில் வெடிக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை விதிகளைப் பற்றியவைபோலத் தொடங்கினாலும் உண்மையில் விதிகளைப் பற்றியவை அல்ல. நான் ஆட்டக்காரராக அமர்ந்திருந்த ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டை மதிலின் மேல் காவலர்களால் சூழப்பட்ட மந்திரவாதியை ஆடியவர், "வெளிப்பக்கம் குதிக்கிறேன்" என்றார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்டி, வரும் எண்ணை உயிர்ப் புள்ளிகளிலிருந்து கழிக்க வேண்டும். குதித்தவர் மனத்தில் இருந்த மதில் 30 அடி. அதற்கு மூன்று பகடைகள், சராசரியாகப் பத்துப் பதினொரு புள்ளிகள் போகும். நடத்தியவர் மனத்தில் இருந்ததோ பாறை உச்சியில் எழுந்து நிற்கும் கோட்டை. கீழே தரை 80 அடி தொலைவில் இருந்தது. எட்டுப் பகடைகள், சராசரி 28. மந்திரவாதியிடம் இருந்தவை 20 புள்ளிகள்.

"சொன்னது சொன்னதுதான்" என்று நடத்தியவர் பிடிவாதமாக நிற்க, விதிப்புத்தகம் நெடுநேரம் புரட்டப்பட்டது. புத்தகத்தில் எந்த ஐயமும் இல்லை. ஐயம் இருந்ததெல்லாம் மதிலின் உயரத்தில்தான். மதில் விளிம்பில் நிற்கும் மந்திரவாதிக்குக் கீழே உள்ள பள்ளம் கண்ணெதிரே தெரியும். அதைக் காணாமல் குதித்தது பாத்திரம் அன்று, நாற்காலியில் அமர்ந்திருந்த மனிதர். ஒருவர் முட்டாள்தனமாக எதையோ செய்வதுபோலத் தோன்றும் கணத்தில், அவர் முட்டாளாக இருப்பதைவிட நாம் கண்ட காட்சியை அவர் காணாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். "கீழே ஏறக்குறைய 80 அடி, பாறை, விழுந்தால் பிழைப்பது அரிது. குதிக்கிறீர்களா?" என்று கேட்க ஆகும் நேரம் பத்து விநாடிகூட இல்லை. அதன் பிறகும் அவர் குதித்தால் அது அவருடைய குதிப்பு.

இதே காரணத்தால், ஒரு செயல் வெற்றிபெறப் பகடையில் எட்ட வேண்டிய எண்ணையும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்தால்தான் பதற்றம் இருக்கும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது முகப் பகடையில் வரும் எண்ணோடு தன் திறமைக்காக 5 கூட்டிக்கொள்ளும் ஒருவருக்கு இலக்கு 15 என்றால் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு. இலக்கு 20 என்றால் 30 விழுக்காடு. வாழ்நாளெல்லாம் சுவர் ஏறிய திருடனுக்கு ஒரு சுவரைப் பார்த்தாலே இந்த வேறுபாடு புரிந்துவிடும். அவனை ஆடுபவருக்கு மட்டும் ஏன் புரியக்கூடாது? ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். உருட்டுவதற்கு முன், நிலைமை எவ்வளவு ஆபத்தானது, வென்றால் எவ்வளவு பயன் என்று நடத்துபவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு, ஆட்டக்காரர் வேறு வழியைத் தேர்ந்துகொள்ளலாம். நான் எந்த ஆட்டத்தை நடத்தினாலும் இதை எடுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்துவிடுவேன்.

ஒரே செயலுக்குத் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்லும் வழக்கமும் ஆட்டக்காரரின் தேர்வை ஓசையின்றித் தின்றுவிடும். வாசலில் ஒருமுறை, முற்றத்தில் ஒருமுறை, படிக்கட்டில் ஒருமுறை என்று ஒளிந்து செல்வதற்கு மூன்று தடவை உருட்டச் சொன்னால், 55 விழுக்காடாக இருந்த வாய்ப்பு ஏறக்குறைய 17ஆகக் குறைந்துவிடுகிறது. நடத்துபவர் எதையும் மறுக்கவில்லை, ஆனால் அந்த வழி அடைபட்டுவிட்டது. சில கூட்டங்களுக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் ஒளிந்து செல்வதையே கைவிட்டு எல்லாக் கதவையும் உடைக்கத் தொடங்குவார்கள். நடத்துபவரும் "இவர்களுக்குச் சண்டை தவிர வேறெதுவும் தெரியவில்லை" என்று புலம்புவார். பர்னிங் வீல் என்ற ஆட்டம் இதற்குத் தெளிவான தீர்வைத் தருகிறது: நிலைமை பெரிதாக மாறாதவரை, ஒருமுறை உருட்டியதே செல்லும்.

ஆட்டக்காரர்கள் இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் நாம் தயாரித்து வைத்த அதே பூதத்தை அவர்கள் முன் நிறுத்தலாமா என்ற கேள்வி நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. இரண்டு பாதைகளையும் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது என்றால், அங்கே தேர்வு என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே இல்லை. பூதத்தை நகர்த்துவதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் அவர்கள் ஊர்க்காரர்களை விசாரித்து, காசு கொடுத்து ஒரு வழிகாட்டியை அமர்த்தி, பூதம் வலப்பக்கம் இருக்கிறது என்று அறிந்து இடப்பக்கம் திரும்பிய பிறகு அதே பூதத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால், அவர்கள் உழைத்துப் பெற்றதை நாம் திருடிவிட்டோம் என்றே பொருள். அது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம் என்பது என்னைச் சமாதானப்படுத்துவதில்லை.

ஆட்டக்காரர்கள் தமக்குள் முரண்படும்போது நடத்துபவரின் வேலை இன்னும் நுட்பமாகிறது. எங்கள் மேசையில் ஒரு கோப்ளின், அதாவது ஒரு குட்டி அரக்கன், கைதியாகப் பிடிபட்டது. பூசாரியை ஆடிய கல்லூரி மாணவி, வழியைச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று அதற்கு வாக்குக் கொடுத்து, தகவலையும் வாங்கிவிட்டார். கள்வனை ஆடியவர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், அமைதியாகக் கத்தியை எடுத்தார்.

"அண்ணா, விட்டுடறேன்னு அதுகிட்ட சொல்லிட்டேன்."

"அது நேரா போய் நம்மளைக் காட்டிக்கொடுத்துடும்மா. என் ஆளு யோசிக்கவே மாட்டான், முடிச்சுடுவான்."

இந்த இடத்தில் பகடையை எடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. யார் கை முந்துகிறது என்று உருட்டிப் பார்த்தால் ஒருவர் வெல்வார், மற்றவர் மீதி மாலை முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஆட்ட நேரத்தை நிறுத்திவிட்டு, பாத்திரங்களிடம் அல்லாமல் இருவரிடமும் நேரடியாக, எது நடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மூத்தவரின் கவலை, எதிரிகள் பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள் என்பது. மாணவியின் கவலை, தன் பூசாரி சொன்ன சொல் பொய்த்துவிடக் கூடாது என்பது. கோப்ளின் சாக வேண்டும் என்பது இருவருக்குமே தேவையாக இருக்கவில்லை. கண்ணைக் கட்டித் தம்முடன் அழைத்துச் சென்று, ஆற்றைக் கடந்தபின் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஆறு வருவதற்குள் அது சமையல் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, போகமாட்டேன் என்று அடம்பிடித்தது தனிக்கதை.

"என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்ற வாதத்துக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கப்படுகிறது. பாத்திரத்தை உருவாக்கியவர் அவர்தான். தயங்கி நிற்க ஒரு காரணத்தையும் அவரால் உருவாக்க முடியும். இதனாலேயே, ஒருவர் மற்றொரு ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு எதிராக எதையாவது செய்தால் அதன் விளைவைப் பாதிக்கப்படுபவரே முடிவு செய்வார் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவைத்துவிடுகிறோம். பணப்பையைத் திருட முனைந்தால், திருடு போனதா, கை பிடிபட்டதா என்பதைப் பைக்குச் சொந்தக்காரர் சொல்வார். ஒருவர் விரும்பாதது அவர்மேல் திணிக்கப்படாது என்று தெரிந்ததும், பலர் தாங்களே முன்வந்து திருட்டுக் கொடுக்கிறார்கள்.

நம் மேசைகளில் வயது ஒரு தனிக் கணக்கு. அண்ணன் என்று அழைக்கப்படுபவர் ஒரு திட்டத்தைச் சொல்லிவிட்டால் இளையவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அதை ஒருமித்த முடிவு என்று நடத்துபவர் எடுத்துக்கொண்டால் பாதிப்பேருக்கு ஆட்டத்தில் வாயே இருக்காது. குழு முடிவெடுக்க வேண்டிய இடங்களில் நான் வயதில் இளையவரிடமிருந்து கேட்கத் தொடங்குகிறேன். மூத்தவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் பலர் கவனித்ததுகூட இல்லை.

விவாதிக்கவே கூடாத கருத்து வேறுபாடும் உண்டு. ஒரு காட்சி ஒருவருக்கு ஆட்ட எல்லையைத் தாண்டி வலிக்கிறது என்றால், ஏன் என்று கேட்பதே அவரைக் கூண்டில் ஏற்றுவதாகிவிடும். ஜான் ஸ்டாவ்ரோபவுலஸ் 2013இல் உருவாக்கிய எக்ஸ் கார்டு இதற்காகத்தான்: மேசை நடுவில் பெருக்கல் குறியிட்ட அட்டை ஒன்று இருக்கும், யார் அதைத் தொட்டாலும் விளக்கம் கேட்காமல் அந்தப் பகுதியை மாற்றிவிட வேண்டும்.

எஞ்சியவை உண்மையான விதி ஐயங்கள். விதி பெரிதா, நடுவரின் அறிவு பெரிதா என்ற வழக்கு இந்த ஆட்டங்களைவிடப் பழையது. பிரஷ்ய இராணுவத்தில் ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர்ப் பயிற்சி ஆட்டத்தில் பகடையும் அட்டவணைகளும் நிறைய இருந்தன. 1876இல் அதே இராணுவத்தைச் சேர்ந்த வெர்டி டு வெர்னுவா அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். நான் நடுவில் நிற்கிறேன். ஐயம் எழுந்தால் ஓரிரு நிமிடம் இரு தரப்பையும் கேட்டு, அன்றைக்கு மட்டும் செல்லும் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறேன். ஒரு பாத்திரத்தின் உயிர் அதில் தொங்கினால் மட்டும் அப்போதே புத்தகத்தைத் திறக்கிறோம். அதிலும் தெளிவில்லையென்றால் ஆட்டக்காரருக்குச் சாதகமாகவே முடிவு போகும். கூட்டம் முடிந்த பின் விதியை நிதானமாகப் படித்து, இனி எப்படி என்பதைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். எழுதுபவர் நான் அல்ல, அன்றைய வாதத்தில் தோற்றவர். தன் கையெழுத்தில் இருக்கும் விதியை அடுத்த முறை அவரே மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுகிறார். இப்போது அந்தக் குறிப்பேட்டில் நீச்சலைப் பற்றிய பக்கங்கள்தான் அதிகம். இரும்புக் கவசத்தோடு ஆற்றில் குதிப்பதை எங்கள் ஆட்கள் ஏனோ விடுவதாக இல்லை.