புகையிலைக்கு எந்தக் கணக்கு?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கூட்டங்கள் எல்லாம் நில ஏற்புரையோடுதான் தொடங்கும். மிசிசாகா, அனிஷினாபே, ஹோடினோஷோனி, வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலம் இது என்று ஒருவர் வாசிப்பார். அடுத்த நிமிடம் லீவுப் பட்டியலுக்குப் போய்விடுவோம். 1805இல் ரொறன்ரோ நிலத்துக்கு மிசிசாகா மக்களுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங் என்பதோ, அதுபற்றிய அவர்களின் நிலக் கோரிக்கை 2010இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு முடிந்தது என்பதோ அந்த வாசகத்தில் இல்லை.

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வைத்த 94 பரிந்துரைகளில் 57ஆவது, அரச ஊழியர்களுக்கு இந்த வரலாற்றைக் கற்பிக்கச் சொல்கிறது. எங்களுக்கும் வகுப்பு நடந்தது. ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன கதையை அங்கேதான் முழுதாகக் கேட்டேன். (குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகள் சேர்ந்தது 2021இல். அதற்கு முன்பே உறுதிமொழி எடுத்த நம்மவர்கள் எத்தனையோ பேர். நானும் அதில் ஒருவன்.)

வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் மனம் கனத்திருந்தது. உண்மையான இழுபறி அதற்குப் பிறகுதான். கதை சொல்ல ஒரு அனிஷினாபே மூத்தவரை அழைக்க நினைத்தோம். ஒருவரிடம் இப்படி ஒன்றைக் கேட்கப் போகும்போது துணியில் பொதிந்த புகையிலையைக் கொடுத்துக் கேட்பது அவர்கள் முறை. நாம் வெற்றிலை வைத்து அழைப்பது போல. கணக்குப் பிரிவில் இருந்த தம்பி தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, புகையிலையை எந்தக் கணக்கில போடுறது? பொதுக் காசில வாங்கேலாதே!"

அவனைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படி. மூத்தவருக்கான சன்மானத்துக்கும் அதே கதை: விநியோகத்தராகப் பதிய வேண்டும், பற்றுச்சீட்டு அனுப்ப வேண்டும், முப்பது நாள் பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பெரியவரிடம் பில் கேட்கிற வேலை அது. பல மாத மின்னஞ்சல்களுக்குப் பிறகு, சன்மானத்தை அன்றே கையில் கொடுக்கலாம் என்றும் புகையிலை சடங்குச் செலவு என்றும் விதி மாறியது. சடங்குக்காகச் செஜ் என்ற வாசனை இலையை எரித்துப் புகை காட்டும் நேரத்தில் அந்த அறையின் புகை உணரியை நிறுத்தி வைக்கக் கட்டடப் பொறுப்பாளருக்கு ஒரு படிவமும் வந்தது. என்னைக் கேட்டால், நில ஏற்புரையைவிட இந்தப் படிவத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அலுமாரிகள் இன்னொரு தலையிடி. நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி முறையில் பூர்வகுடிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 970இல், வரலாற்றுக்குள் போய் விழும். இன்று உயிரோடு இருக்கும் சமையல்காரரின் நூலும் அங்கேதான் கிடந்தது. கியூபெக்கின் கானவாகேயைச் சேர்ந்த, மோஹாக் பூர்வகுடி நூலகர் பிரையன் டீர் 1970களிலேயே இதற்கு மாற்றாகத் தனி வகைப்படுத்தல் முறை ஒன்றைச் செய்தார். மக்களுக்கு இடையிலான உறவையும் நில அமைப்பையும் வைத்து நூல்களை அடுக்கும் முறை அது. எங்களைப் போன்ற கிளை நூலகம் அப்படி முழுதாக மாற முடியாது. சமையல் நூலைச் சமையலுக்கும் கவிதையைக் கவிதைக்கும் நகர்த்தினோம். நூற்பட்டியலில் உள்ள பழைய பொருள் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம்.

பாதி அலுமாரி இன்னும் பாக்கி. அதற்கு மேலதிக மணிநேரம் கேட்டதைப் போன வருட வரவுசெலவில் வெட்டிவிட்டார்கள். இந்த வருடமும் கேட்டு எழுதியிருக்கிறோம்.