குழந்தையின் உடுப்புகளில் ஒரு ஒட்டுப்போர்வை: இதுவரை

மரபணு நோயில் போன குழந்தையின் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் நினைவுப் போர்வை இது. மேல்பக்கத்துக்கான 42 சதுரங்களும் இணைந்துவிட்டன. பஞ்சு வைத்து முடிச்சுப் போடுவதும் ஓரம் கட்டுவதும் பாக்கி. இதே வேலையைத் தொடங்க நினைத்து, கத்தரியை எடுக்கக் கை வராமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில், வெட்டக்கூடாதவற்றை ஒதுக்குங்கள். இரண்டு மூன்று உடுப்புகளாவது முழுசாக இருக்கட்டும். கடைசியாகப் போட்டதைத் துவைக்காமல், ஈரம் துளியும் இல்லாதபடி பார்த்து, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து, எதற்காக வைத்தோமோ அந்த வாசனையே போய்விடும். வெட்டப்போகும் துணிகளை முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுபவற்றைத் துவைத்தே ஆக வேண்டும். பால், மருந்து சிரப் எச்சம் தங்கினால் பூச்சி அரிக்கும். குளிர்ந்த நீரும் மென்மையான சோப்பும் போதும். கறை முழுக்கப் போக வேண்டும் என்று பிளீச் ஊற்றாதீர்கள். அந்த மஞ்சள் திட்டும் குழந்தையுடையதுதான், இருக்கட்டும்.

குழந்தை உடுப்புகளில் பெரும்பாலும் பனியன் துணிதான். நேராக வெட்டினால் ஓரம் சுருண்டு, தைக்கும்போது இழுபட்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும். அதனால் 7 அங்குலத்துக்குக் குத்துமதிப்பாக வெட்டி, பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டி, நன்றாக ஆறிய பிறகுதான் சரியாக 6 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். அயர்ன் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுங்கள்; தேய்த்தால் ஃபியூசிங்கோடு துணியும் நகரும். ரப்பர் பிரிண்ட் உள்ள இடத்தில் சூடு நேராகப் பட்டால் படம் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு சட்டை கடையில் கிடைக்கலாம், அந்தச் சட்டை கிடைக்காது. கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வைத்து, பின்பக்கமிருந்து அழுத்துங்கள்.

பிறந்த புதிதில் போட்ட சட்டைகளில் 6 அங்குலம் தேறாது. கிடைத்த துண்டை ஒரு பருத்திச் சதுரத்தின்மேல் ஒட்டி, சுற்றிலும் ஜிக்ஜாக் போட்டால் போதும். கழுத்துப்பட்டி, பாக்கெட், டிச் பட்டன் வரிசை எல்லாம் இப்படித்தான் வந்தன. பட்டன் வெட்டோரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் இணைக்கும்போது ஊசி உடையும்.

வயிற்றில் உணவுக்குழாய் வைத்த குழந்தையென்றால், சட்டையின் இடப்பக்கம் குழாய்க்காக வெட்டி மடித்துத் தைத்த ஓட்டை இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்தில் வெட்டத் தோன்றும். வேண்டாம், ஓட்டை நடுவில் வரும்படி வெட்டுங்கள். பின்னால் வேறு நிறப் பருத்தித் துணியை வைத்து, ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கையாலேயே நெருக்கமாக ஓடு தையல் போட்டால் இழை பிரியாது. அவசரத்தில் யாரோ போட்ட கோணல் மடிப்பும் அப்படியே தெரியும்.

சதுரங்களை அடுக்கும்போது, நோய் தெரிவதற்கு முந்தையவை மேலே, பிந்தையவை கீழே என்று வைக்கத் தோன்றும். டே-சாக்ஸ் (மூளை நரம்புகளைப் படிப்படியாக அழிக்கும் மரபணு நோய்) போன்ற நோய்களில் குழந்தை முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்வதால் அந்தக் கோடு மனதில் ஆழமாக இருக்கும். ஆனால் அப்படி அடுக்கினால் பார்க்கிறவர் கண் நேராக அந்தக் கோட்டில்தான் போய் நிற்கும். கலந்து வையுங்கள். குழந்தைக்கு அது ஒரே வாழ்க்கைதான்.

ஊசி, பனியன் துணிக்கான உருண்டை முனை, 80 நம்பர். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை விடும். தையல் இடம் அரை அங்குலம். தைத்தபின் ஒரு சதுரம் 5 அங்குலம் வரும். 6 பத்தி, 7 வரிசைக்கு 30க்கு 35 அங்குலம். தையல் இடத்தை இருபுறமும் விரித்து அழுத்தினால்தான் நான்கு மூலை சேரும் இடம் தடிக்காது.

அடுத்தது பஞ்சும் அடித்துணியும், இரண்டும் 36க்கு 41. மெஷின் குவில்டிங் (மூன்று அடுக்கையும் சேர்த்து மெஷினில் தைப்பது) வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறோம். ஃபியூசிங் ஒட்டிய துணி விறைத்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் எம்பிராய்டரி நூலில் இரட்டை முடிச்சு போதும். 5 அங்குல இடைவெளியைப் பஞ்சு தாங்குமா என்று அதன் உறையில் பார்த்து வாங்குங்கள். தம்பியோ தங்கையோ பிறந்தால் முதல் வயது முடியும்வரை தூங்கும் இடத்தில் இந்தப் போர்வை வேண்டாம், எந்தத் தளர்வான போர்வையும் வேண்டாம்.

துணிப்பெட்டியில் ஸ்கேன் படமும் ஈ.சி.ஜி. தாளும் இருந்தால் உடனே கணினியில் நகலெடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள், தானாகவே மங்கும். லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் கறுத்துப்போகும்.

மரபணு அறிக்கை கிடைத்தால் அதற்குத் தனி ஃபைல். டே-சாக்ஸ், எஸ்.எம்.ஏ. (தசைகள் வலுவிழக்கும் மரபணு நோய்) போன்றவற்றில் அறிகுறியே இல்லாத கடத்திகளாக, அதாவது மாறிய மரபணுவைச் சுமப்பவர்களாகத் தாயும் தந்தையும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. யாரும் செய்த தவறால் வருவதல்ல. நாளை அத்தையோ சித்தப்பாவோ பரிசோதிக்கப் போனால், எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்ற அந்த ஒரு வரியைத்தான் மருத்துவர் கேட்பார்.