ஒண்ணும் ஆகாதுக்கா

நான் சொன்ன பதில் பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

பூநாரை எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணுவதாக நினைப்பார்கள். தனுஷ்கோடிச் சாலைக்கு வடக்கே தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீரில் அவை அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் ஓர் ஓரத்திலிருந்து ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும். வாடைக்காற்று அடித்தால் ட்ரைபாட் ஆடும். பாதியில் ஒரு பகுதி எழும்பி இடம் மாறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே நாங்கள் எழுதுவது ஒரு நேர்மையான மதிப்பீடு, அவ்வளவுதான். உள்ளான்கள் என்கிற சின்னக் கரைப்பறவைகள் விஷயத்தில் அந்த நேர்மைக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும்.

அன்று ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கூட வந்தது பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர். எங்களுக்கு நாள் கூலிக்கு வருகிறவர். அதற்கு முன் கடல்பாசி எடுத்தவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை சொல்லும்போது குரலே மாறிவிடும். சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் முழங்கால் வரை போகும் என்று பார்த்த உடனே சொல்வார்.

திரும்பத் திரும்ப எண்ணி ஒரு எண்ணுக்கு வந்து, அதைத் தாளில் எழுதினேன். ஆயிரத்துச் சொச்சம். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுன்னு எழுதினா, இங்கிட்டும் யாரும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிருவாகளா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா."

"அப்ப எதுக்குத் தங்கச்சி எண்ணுறீக?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே, "கொறச்சு எழுதினாத்தான் என்ன" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வி நகர மாட்டேன் என்கிறது. ஒன்றும் ஆகாது என்றால் எங்கள் வேலைக்கு அர்த்தம் இல்லை. அர்த்தம் இருக்கிறது என்றால் அக்கா பயந்தது சரி. இரண்டுக்கும் நடுவில் நான் நிற்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எண்களால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நீர்நிலைக்கு ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் இடம், கேட்க வேண்டுமானால், வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் வந்து போக வேண்டும், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே இருக்க வேண்டும். வேறு வழிகளும் உண்டு, ஆனாலும் பறவைக்காரர்கள் வாயில் முதலில் வருவது இந்த இரண்டும்தான். எங்கள் மாவட்டத்திலேயே சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல். இங்கெல்லாம் யாரோ கரையில் நின்று எண்ணித்தான் இருக்கிறார்கள்.

சரி, அவையெல்லாம் கண்மாய். ராம்சார் என்று பலகை வைத்ததால் கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போகாமல் நின்றுவிடவில்லை. என் பதிலுக்கு இதை ஆதாரமாகச் சொல்லலாம். ஆனால் அக்கா கேட்டது கண்மாயை மனதில் வைத்து இல்லை. அவர் மனதில் இருந்தது தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். அவர் அம்மா காலத்தில் தீவிலேயே இராத் தங்கிப் பாசி எடுத்ததை அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். பிறகு தீவில் இறங்கினால் விரட்டு, பாசி மூட்டையைப் பிடுங்கு, அபராதம் கட்டு. அதற்கு முன்னாலும் யாராவது ஒருவர் தாளோடு வந்து பவளத்தையும் பாசியையும் எழுதிக்கொண்டு போயிருப்பார். அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

சட்டப்படி பார்த்தால் இப்படிப் பயப்படத் தேவையில்லை என்றும் சொல்லலாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் சரணாலயம் அமைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எண்ணத்தை அறிவிக்க வேண்டும், அப்புறம் ஆட்சியர் அந்த இடத்தில் யாருக்கு என்ன உரிமை என்று மனு வாங்கி விசாரிக்க வேண்டும். இதை அப்போதே அக்காவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மனுவில் எதைக் காட்டுவார்? பட்டாவா, ரசீதா? சேற்றில் கால் வைக்கத் தெரியும் என்பதை எந்தத் தாளில் எழுதுவது? சேற்றில் நின்றுகொண்டு பிரிவு எண் சொல்வதைவிட "ஒண்ணும் ஆகாதுக்கா" என்பது மரியாதையாகப் பட்டது. இப்போதும் பல நாள் அப்படித்தான் படுகிறது.

2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் பூநாரை சரணாலயம் அறிவித்தார்கள். சுமார் 525 ஹெக்டேர். 2023–24 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள், 128 வகை என்று செய்தியில் வந்தது. அது அரசுக் கணக்கெடுப்பு. நாங்கள் செய்தது சின்னத் திட்டம், எங்கள் தாள் போனது வேறு இடத்துக்கு. அக்காவிடம் இருந்து ஃபோன் வந்தபோது இதைத்தான் விளக்கினேன்: அது வேறு, அக்கா, நாம எண்ணினது வேறு.

"பூநாரை அதேதானே?" என்றார்.

கோபமாக எல்லாம் இல்லை. அடுத்த ஜனவரிக்கும் ஆள் வேண்டுமா, கூலி ஏறுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சரணாலயம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். அதையும் மறைக்கக் கூடாது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வண்டிகள் வந்து குவிகிற நாட்களில் அந்தத் தண்ணீரோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் எடுக்க வேண்டும், பறந்தால்தான் படம் நன்றாக இருக்கும் என்று கை தட்டுகிறவர்களை நானே போய்த் தடுத்திருக்கிறேன். பறவை இங்கே தின்பதற்கு வருகிறது. ஒவ்வொரு தடவை எழுப்பிவிடும்போதும் தின்கிற நேரமும் போகிறது, தின்று சேர்த்த தெம்பும் போகிறது.

ஆனால் அக்கா ஒரு நாள் சொன்னதையும் பார்த்துச் சரி என்று கண்டவள் நான். குனிந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பறவைகள் அவ்வளவாகப் பறப்பதில்லை. கரைவலை இழுக்கிறார்கள், சிப்பி பொறுக்குகிறார்கள், அவை பாட்டுக்கு மேயும். நிமிர்ந்து நின்று உற்றுப் பார்க்கிற ஆளைக் கண்டால்தான் கழுத்தை நீட்டுகின்றன. அந்தக் கணக்கில் என் ஸ்கோப்பும் நானும் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. சரணாலயம் என்று வரும்போது முதலில் நிறுத்தப்படுவது குனிகிறவர்களாக இருக்குமோ என்பதுதான் எனக்குள்ள சந்தேகம். நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குப் பார்வையாளர் மேடை கட்டுவார்கள். நடக்காமலும் போகலாம்.

குறைத்து எழுதியிருக்க வேண்டுமா? இல்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் தடுமாறாமல் பதில் சொல்வேன். குறைத்த எண் யாரையும் காப்பாற்றாது. பறவை இல்லை என்று எழுதின இடத்துக்கு வேறு ஆட்கள் வேறு திட்டத்தோடு வருவார்கள், அப்போதும் அக்காவைக் கேட்கப்போவதில்லை. இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம், இது எனக்கு எவ்வளவு வசதியான பதில் என்பதும் தெரிகிறது.

கடந்த பருவத்தில் தாளில் அக்காக்களையும் எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இந்த இடத்தில் எத்தனை பேர், என்ன வேலை, பறவைகள் எழும்பினவா இல்லையா. எங்கள் படிவத்தில் மனிதர்களை எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, அதன் தலைப்பு "இடையூறுகள்". அந்தக் கட்டத்தில் அவர்களை எழுதினால் அது என்னவாகப் படிக்கப்படும் என்று யோசித்து, காலியாக விட்டு அனுப்பினேன். திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஃபோன் செய்தார்: "இடையூறு எதுவும் இல்லையாம்மா? அப்படி இருக்க முடியாதே."

சுற்றுலா வண்டிகள் என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.