நாற்பது டிவியோடு திரும்பி வந்த வண்டி: கடலூர்–பாகூர் ஊர்களில் இ-வேஸ்ட் சேகரிப்பு

ஊர்களில் இ-வேஸ்ட்டாக நாங்கள் சேகரித்த நாற்பது பழைய டிவியை ஏற்றிய குட்டியானை சென்னைப் புறநகர் வரை போய், ஒன்றைக்கூட இறக்காமல் அன்று இரவே கடலூர் திரும்பியது. போக 180 கிலோமீட்டர், வர 180. வாடகை முழுவதும் எங்கள் தலையில். வழிக் குலுக்கலில் ஆறு பிக்சர் டியூப்பின் பின்புறக் கண்ணாடிக் கழுத்து உடைந்தது தனி நஷ்டம். மறுசுழற்சியாளரிடம் பதிவுச் சான்று இருந்தது, செல்லுபடியாகும் தேதியும் சரியாக இருந்தது. நாங்கள் பார்க்காமல் விட்டது, எந்தெந்தப் பொருளுக்குப் பதிவு என்று சொல்லும் அதன் இணைப்புப் பட்டியலை. கம்ப்யூட்டர், போன் எல்லாம் அதில் இருந்தன. டிவி இல்லை.

ஆகவே முதல் எச்சரிக்கை: வாங்குகிறவரை உறுதி செய்யாமல் ஊரில் தண்டோரா போடாதீர்கள். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், எந்தெந்தப் பொருளுக்குப் பதிவு என்பதையும் பாருங்கள். பிறகு, "பிக்சர் டியூப் உள்ள டிவி எடுப்பீர்களா, கண்ணாடியை என்ன செய்வீர்கள்?" என்று கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று போனில் சொல்வதை நம்பி வண்டி அனுப்பக் கூடாது.

டிவியை அவர்கள் தட்டிக்கழிப்பதற்குக் காரணம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள், அதாவது தங்கள் பெயரில் பொருளை விற்கும் நிறுவனங்கள், தங்கள் கழிவுப் பொறுப்புக்குக் கணக்குக் காட்ட மறுசுழற்சியாளரிடம் வாங்கும் சான்றிதழ் நான்கு உலோகங்களுக்குத்தான் கணக்காகிறது: தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம். ஈயக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. டியூப்பில் திரைக்குப் பின்னால் குறுகிப் போகும் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. அதைப் பாதுகாப்பாக ஒழிக்கச் செலவுதான், வரவு கிடையாது. நம் ஊர்களிலோ 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகள் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. கிராமத்து இ-வேஸ்ட் என்றால் பாதி அதுதான். சர்க்யூட் போர்டும் போனும் மட்டும் எடுப்பேன் என்கிறவர் நமக்கு உதவ மாட்டார். கலந்து எடுப்பவரைப் பிடித்து, போர்டில் வரும் காசை டிவிக்கு ஈடுகட்டும்படி பேசி முடிக்க வேண்டும். எங்களுக்கு மூன்றாவது ஆள்தான் ஒத்துவந்தார்.

அடுத்து காகிதம். ஊராட்சியில் சேகரிப்பு அறை தொடங்க "சேகரிப்பு மைய அங்கீகாரச் சான்று கொண்டு வாருங்கள்" என்று ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒரு சான்றே இப்போது கிடையாது. புதிய விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் நான்கு வகையினர் மட்டும்: பொருளைச் செய்யும் உற்பத்தியாளர், தன் பெயரில் விற்கும் தயாரிப்பாளர், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர். குப்பையில் கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்து, பதிவு பெற்றவரிடம் சேர்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. நான்காவது முறை விதிகளை அச்செடுத்து, யார் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் விதி 4-ல் மஞ்சள் கோடு போட்டு மேசையில் வைத்தோம். பத்து நிமிடத்தில் கடிதத்தில் முத்திரை விழுந்தது. அந்த அச்சுப் பிரதி இன்னும் பையிலேயே இருக்கிறது.

கடலூர் பக்கம் தீர்மானம் எளிது. ஜனவரி 26 கிராம சபையில் வைத்தோம், நிறைவேறியது. தீர்மானத்தில் "பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எடை போட்டு ஒப்படைக்க" என்ற சொற்கள் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஏலம் விட வேண்டும் என்று பின்னால் யாராவது மறிப்பார்கள்.

பாகூர் பக்கம் வேறு. வயலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி என்று ஊர்கள் பின்னிக் கிடக்கும் இடம் அது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். தலைவர் இல்லை, எனவே தலைவர் கையெழுத்தும் இல்லை. பக்கத்து ஊராட்சித் தீர்மானத்தின் நகலைக் கொண்டு போனது வீண் அலைச்சல். கொம்யூன் பஞ்சாயத்து (பல கிராமங்கள் சேர்ந்த அங்குள்ள உள்ளாட்சி) ஆணையருக்குத் தனி மனு கொடுத்து, தனி அனுமதி வாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டுக்கும் அங்கே தனிக் குழுமம். இரண்டு பக்கத்துச் சரக்கையும் ஒரே அறையில் கலக்காதீர்கள். எடைச் சீட்டு, சலான் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். கடலூர்ச் சரக்கு மட்டும் என்றால் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடை வழியை விட்டுப் பண்ருட்டி, விழுப்புரம் வழியாக அனுப்புங்கள். எல்லைக் கேள்வியே எழாது.

வீடுகளில் வாங்கும்போது நமக்குப் போட்டி காயலான் கடைதான். அவர்கள் டிவியைப் பிரித்து, டியூப் கழுத்தில் இருக்கும் யோக் காயிலைச் செம்புக்காக உருவிக்கொண்டு, டியூப்பை ஏரிக்கரையில் போட்டுவிடுவார்கள். காயில் போன டிவிக்கு மறுசுழற்சியாளர் விலை குறைப்பார், கழுத்தும் உடைந்திருந்தால் தொட மாட்டார். காயலான் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டி ஒரு மாதம் வீணாயிற்று. பிறகு, "பிரிக்காமல் முழு டிவியாகக் கொடுத்தால் காயில் விலையை நாங்களே தருகிறோம்" என்று பேசினோம். அதற்கடுத்த வாரமே இரண்டு கடைகளிலிருந்து முழு டிவிகள் வந்தன. இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான்.

டிவியைத் தூக்கும்போது திரை உங்கள் மார்புப் பக்கம் இருக்கட்டும். கனம் முழுவதும் திரையில்தான். பின்னால் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய்தான் கழுத்து. உள்ளே வெற்றிடம். லேசாக இடித்தாலும் 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் டியூப் போயிற்று. மூடியைக் கழற்றவே வேண்டாம், அணைத்துப் பல நாளான டியூப்பிலும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். குட்டியானையில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், நாற்பது டிவிதான் கணக்கு. முக்கால் டன் எடையை வண்டி தாங்கும், மூன்றாம் அடுக்கைக் கீழே உள்ள டிவி தாங்காது. அடுக்குகளுக்கு நடுவே வைக்கோலோ பழைய சாக்கோ போடுங்கள்.

கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள். கல்லோடு அனுப்பினால் எடைக் கழிப்பில் தகராறுதான் மிஞ்சும். டியூப்லைட்டில் பாதரசம் உண்டு, அட்டைக் குழாயோடு நிறுத்தி வையுங்கள். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், துடைப்பம் வேண்டாம்.

பேட்டரியில்தான் பலர் மாட்டுகிறார்கள். பேட்டரிக்கு 2022-லேயே தனி விதி வந்துவிட்டது, இ-வேஸ்ட் வாங்குபவர் அதை வாங்க வேண்டியதில்லை. வீங்கிய போன் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் நிரப்பிய வாளியில் புதைத்து, கூரைக்கு வெளியே நிழலில் வையுங்கள். சாக்கில் மற்றவற்றோடு போட்டால் ஒரு பொறி போதும்.

அறையைப் பற்றி ஒன்று. ஊராட்சிக் குப்பைக் கூடத்தில் மண்புழு உரத் தொட்டிக்குப் பக்கத்து அறையைத்தான் முதலில் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் போர்டெல்லாம் பச்சை பூத்தது. சிமென்ட் தரை, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை, ஒழுகாத கூரை, பூட்டு, இவை இல்லாமல் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் தண்ணீர் எங்கே ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். மறுசுழற்சியாளர்கள் சரக்கை வைத்திருக்க விதி தரும் உச்சவரம்பு 180 நாள். நம் அறைக்கும் அதையே கெடுவாக வைத்துக்கொண்டோம்.

வீடு வீடாக வாங்கச் சரியான சமயம் போகிக்கு முந்தைய பத்து நாள். மழை ஓய்ந்திருக்கும், பரணை எல்லோரும் ஒழிப்பார்கள், தெருவில் கொளுத்தப்போகும் ஒயர்களும் நம் கைக்கு வரும். தூய்மைக் காவலர்களுக்கு அந்த நாட்களுக்குத் தனிக் கூலியும் தடித்த கையுறையும் கொடுக்க முன்கூட்டியே ஒதுக்குங்கள். ஏற்றும் நாளன்று எடை மேடையில் காலி வண்டியையும் பார வண்டியையும் நிறுத்திச் சீட்டு எடுங்கள். ஒப்படைத்த சான்று கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வண்டி.