ஏசி நின்றுபோன அக்னி நட்சத்திரம்

ஈரோட்டுக் கோடைக்குக் கடற்காற்றின் துணை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கோயம்புத்தூரைக் குளிர்விக்கும் காற்றும் எங்கள் ஊரை எட்டும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. 2024 கோடையில் இங்கே வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் வீட்டு ஏசி நின்றுவிட்டது. சேவை மையத்தில் புகார் பதிந்தும் ஆள் வந்தபாடில்லை. வீட்டில் எண்பதைக் கடந்த அம்மாயி (அம்மாவின் அம்மா) இருந்ததால், இதை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை.

பகலை விட இரவுதான் கொடுமையாக இருந்தது. நாள் முழுதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. இரவு பத்து மணிக்கும் உட்கூரையில் கை வைத்தால் சுட்டது. ஆகவே மாலையில் தளத்தின் மீது சாக்குகளை விரித்து, துணி அலசிய தண்ணீரையும் சுத்திகரிப்பான் வெளியேற்றும் தண்ணீரையும் சேர்த்து வைத்து நனைத்தோம். கோடையில் நல்ல தண்ணீரை இதற்குச் செலவிட மனம் வரவில்லை. ஈரம் காயும்போது தளத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால், படுக்கும் நேரத்துக்குள் அறை தாங்கக்கூடியதாக மாறியது.

வறண்ட காற்று நமக்குச் செய்யும் ஒரே நன்மை, அதில் ஈரம் விரைவாக ஆவியாகும் என்பதே. சென்னையின் புழுக்கத்தில் அவ்வளவாகப் பயன் தராத ஈரத்துணி, இங்கே நன்றாக வேலை செய்கிறது. சென்னிமலைப் பருத்திப் போர்வை ஒன்றை நனைத்துப் பிழிந்து, காற்று நுழையும் சன்னலில் தொங்கவிட்டோம். எதிர்ப்பக்கச் சன்னலைச் சற்றே திறந்து வைப்பது அவசியம். இல்லையென்றால் ஈரம் உள்ளேயே தங்கி, சிறிது நேரத்தில் அறை புழுங்கத் தொடங்கிவிடும். மேற்கு வெயில் விழும் சன்னல்களைக் காலையிலேயே அடைத்துத் திரையிட்டோம்.

மின்விசிறியை மட்டும் நம்பியிருப்பது முதியவர்களுக்கு ஆபத்து என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறிக் காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும். வயதானவர்களுக்கு வியர்வையும் தாகமும் குறைவு. "தாகமே இல்லை கண்ணு, அப்பறம் குடிக்கறேன்" என்று அம்மாயி சொல்லும்போதெல்லாம், அருகில் உட்கார்ந்து மோரையோ கம்மங்கூழையோ சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தோம். கழுத்தையும் கைகளையும் ஈரத்துண்டால் துடைத்தோம். பேச்சு குழறினாலோ, உடல் கொதித்து நினைவு தடுமாறினாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வந்து பார்த்த மெக்கானிக் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியைக்கூட இணைக்காமல், "கேஸ் கொறஞ்சிருச்சுங்க, புதுசாப் போடோணும்" என்றார். ஏசியின் கேஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. கசிவு இல்லாமல் அது குறையாது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பச் சொல்பவரிடம் பணம் கொடுப்பது வீண் என்பதால் வேறொருவரை அழைத்தோம். வெளி யூனிட்டின் விசிறி சுற்றுவதையும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் உறுமிவிட்டு உடனே அடங்குவதையும் கேட்ட அவர், கம்ப்ரசர் ஓடத் தொடங்க உதவும் கெப்பாசிட்டரைக் கழற்றிக் காட்டினார். அதன் தலைப்பகுதி உப்பிப் போயிருந்தது. எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடுவதால், யூனிட்டின் பின்புறத் தகடுகளில் படிந்த பஞ்சுத் தூசி கம்பளித் துணி போல ஒரே படலமாக உரிந்து வந்தது. வெப்பத்தை வெளியேற்ற வழியின்றி இயந்திரம் திணறியதற்கு அதுவே காரணம் என்றார்.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; அதை நாமே தொடக் கூடாது. தூசியைத் தட்டி, தகடுகள் வளையாமல் மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் முறையை அவர் செய்து காட்டினார். யூனிட்டுக்கு மேலே தென்னங்கீற்றால் ஒரு சிறு பந்தலும் போட்டிருக்கிறோம். சூடான காற்று வெளியேறும் முன்பக்கத்தை மட்டும் மறைக்காமல் விட்டிருக்கிறோம்.